அறுபது கிலோ கூடுதல்

"ஒண்ணு வேணும்னா வாயைத் திறந்து கேக்கவே மாட்டீங்களா நீங்க?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"எதுக்குக் கேக்கணும்? எல்லாந்தான் இருக்கே."

"கல்யாணத்துக்கே நீங்க கேக்கல. எங்கப்பாதான் வந்து கேட்டாரு. நீங்க சும்மா தலையை ஆட்டினீங்க."

"வேகமாத்தானே ஆட்டினேன்?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு நான் இல்லாமப் போனா என்ன செய்வீங்க? உப்பில்லன்னாக்கூடக் கேக்காம, தின்னுட்டு எழுந்து கை கழுவிடுவீங்க."

அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. உப்பில்லாமல் தின்றுவிட்டு, கேட்காமல், எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார் டிராக்டர்காரர். ஒருத்தருக்கு மட்டும் எப்படிச் சமைப்பது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. அளவு கை தவறி எப்போதும் இரண்டு பேருக்கு வந்துவிடும். இரண்டு டப்பாவில் போட்டு எடுத்துப் போவார். ஒன்றைச் சாப்பிடுவார். இன்னொன்றைத் திருப்பிக் கொண்டுவருவார்.

பேச்சுப் பழக்கமும் விட்டுப்போய்விட்டது. வீட்டில் நாற்காலியிடம் எத்தனை நாள் பேச முடியும்? குரல் தேய்ந்து தேய்ந்து, இப்போது அவர் பேசினால் அவருடைய சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும்.

இந்த நிலையில்தான், பாலத்துக்கு முன்னால் புதிதாக வைத்த எடைமேடையில் அவருடைய டிராக்டர் மாட்டிக்கொண்டு நின்றது.

"அறுபது கிலோ கூடுதல்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

நேற்றும் அறுபது. முந்தாநாளும் அறுபது. மூன்று வாரமாக அறுபது.

பாலம் பழையது. அதனால் விதி கடுமையானது. டிராக்டர், டிரெய்லர், சரக்கு, ஓட்டுகிறவர் எல்லாம் சேர்ந்து எட்டு டன்னுக்குள் இருந்தால் நிற்காமல் போகலாம். நூறு கிலோ வரை கூடினால் ஓரமாக அரை மணி காத்திருந்து, பாலம் காலியானதும் தனியாகக் கடக்க வேண்டும். நூறைத் தாண்டினால் கடக்கவே கூடாது. வேகம் எங்கேயும் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது.

இந்த விதிகளையெல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்து, எடைமேடைச் சாவடியின் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தார்கள். அதனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் சீட்டுக்காரருக்கு வெளியே நிற்பது டிராக்டரா யானையா என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது திரையில் வரும் எண் ஒன்றுதான். அதைப் பார்ப்பார், ஒலிபெருக்கியில் கத்துவார், சீட்டை அடிப்பார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

வெளியே நிற்பவர் மேடம். ஐம்பதை நெருங்கும் வயது, காக்கி மேல்சட்டை, கையில் வேகம் அளக்கும் கருவி. மாற்றலில் வந்தவர். லாரிக்காரர்களிடம் தடுப்புக் கம்பியருகே நின்றபடியே கையை ஆட்டிப் பேசிவிடுவார். அவர்கள் குரல் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கும். டிராக்டர்காரர் பேசினால் மட்டும் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் வந்துதான் ஆக வேண்டும்.

"கிடங்குல சரியா எட்டு டன் போட்டு சீட்டுக் குடுத்தாங்க மேடம்," என்றார் முதல் நாள், பொத்தானைப் பார்த்து.

"என்னது?" மேடம் மட்கார்டை ஒட்டி வந்து நின்று காதைக் கொடுத்தார்.

"கிடங்குல எட்டு டன்."

"இங்க அறுபது கூட இருக்கே. நாளைக்குச் சரி பண்ணிட்டு வாங்க. இப்ப ஓரமா நிறுத்துங்க."

அரை மணி. அந்த அரை மணியில் மேடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நிழலுக்கு வந்தார். அதுதான் மதியச் சாப்பாடு என்றார். கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றும், அந்தச் சுவரில் உள்ள விரிசல்கள் இப்போது மனப்பாடம் என்றும் சொன்னார். டிராக்டர்காரர் இருக்கைக்கு அடியில் இருந்த இரண்டாவது டப்பாவை நினைத்தார். வாயைத் திறந்தார். "வெயில் அதிகம்," என்றார்.

மறுநாள் சரி பண்ணிக்கொண்டுதான் வந்தார். சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றையெல்லாம் சுரண்டி எடுத்தார். ஆனால் கிடங்குக்காரர் வண்டியோடு சேர்த்து எட்டு டன் வரும்வரை உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றுகிற ஆள். சேறு போன இடத்தில் கிழங்கு ஏறியது. பாலத்தில் அறுபது.

பிடிமானத்துக்காகப் பின் சக்கரங்களுக்குள் நிரப்பி வைத்திருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார். அதற்கும் கிழங்கு. இப்போது ஏற்றத்தில் டிராக்டர் முன்காலைத் தூக்கிக் குதித்ததுதான் மிச்சம். மழை பெய்த அன்று மேடம் மழைக்கோட்டும் முழங்கால் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அறுபத்தைந்து. சாக்கு நனைந்திருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

ஒருவேளை தன் உடம்புதானோ என்று சந்தேகம் வந்து, ஒருநாள் இருக்கையை விட்டு இறங்கி, வண்டியருகே நின்றும் பார்த்தார். மேடம் பக்கத்திலேயே, மட்கார்டை ஒட்டி நின்றார். அறுபது அசையவில்லை.

கிழங்கை வறுக்கும் ஆலைக்கு நேரத்துக்குப் போக வேண்டும். பாலத்தில் காத்திருக்கும் நேரத்தைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று ஒருநாள் வேகமாக வந்தார். வேகம் என்றால் முப்பத்திரண்டு. சைக்கிளில் போகிறவர் ஒருவர் முதன்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். மேடம் கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"டிராக்டருக்கு இருபத்தஞ்சுதான். அப்படி என்ன தலைபோற அவசரம்?"

அவர் சொல்ல நினைத்தது வேறு. "ஆலை," என்றார்.

வேகத்துக்குத் தண்டனையாக இன்னும் கால் மணி. அன்று மேடம் தன் அண்ணன் பிள்ளைகளின் படத்தைக் கைபேசியில் காட்டினார். ஆலைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்று காலையில் ஆலை மேலாளர் அழைத்தார்.

"இதோ பாருங்க, ஒரு மணிக்குக் கதவைச் சாத்துவேன். இன்னிக்கும் லேட்டுன்னா நாளையிலேருந்து லாரி வச்சுக்கறேன். நீங்க வீட்லயே இருங்க."

வீட்டிலேயே இருப்பது. அந்தச் சொல்தான் அவரை உலுக்கியது. கிழங்கு போனால் போகட்டும். இந்தச் சாலை போனால், இந்தப் பாலம் போனால், பிறகு பேச அந்த நாற்காலிதான்.

மணி பன்னிரண்டு ஐந்து. இருபத்தைந்தில் போனால் ஆலைக்கு முப்பத்துநான்கு நிமிடம். இப்போதே கடந்தால் உண்டு. அரை மணி நின்றால் கதை முடிந்தது.

"மேடம்," என்றார், "இன்னிக்கு மட்டும் நான்..." மீதி பொத்தானைத் தாண்டவில்லை.

"என்ன சொன்னீங்க?" மேடம் ஒரு அடி நெருங்கி வந்தார்.

"ஒண்ணுமில்ல. ஏதாவது இறக்கிடறேன்."

பின்னால் லாரி ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அதன் ஓட்டுநருக்கு அந்தச் சாலையில் ஹாரன் என்றே பெயர். குதித்து வந்தார். "அண்ணே, இப்படி நின்னா நான் எப்ப வீடு போய்ச் சேர்றது? அந்த ஸ்டெப்னியைப் பிடிங்க, நான் தூக்கறேன்." இரண்டு பேருமாக மாற்றுச் சக்கரத்தை அவிழ்த்துச் சாலைக்கு உருட்டிவிட்டார்கள். ஹாரன் திரும்பி வந்து, இடுப்பில் கைவைத்து, எண்ணுக்காகக் காத்திருந்தார்.

"நூத்தி அஞ்சு!" என்றது ஒலிபெருக்கி.

"ஏங்க, இறக்கினா ஏறுது?" என்றார் ஹாரன்.

"நூறைத் தாண்டிடுச்சே," என்றார் மேடம் பதறி. "இனிமே காத்திருந்தாலும் விட முடியாதே!"

ஸ்கூட்டரில் இரண்டு கேன் பாலோடு வரிசையில் நின்ற பால்காரம்மா பொறுமை இழந்து வந்தார். "ஆம்பளைங்க கணக்கே இப்படித்தான். அந்த ஸ்பேனர் பெட்டியைக் கொடுங்க." பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு!"

"மிஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றார் ஹாரன்.

"வண்டிக்குப் பிடிச்சிருக்கு," என்றார் பால்காரம்மா.

வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஏறி வந்து, ஒரு மூட்டைக் கிழங்கையே தூக்கி வெளியே வைத்தார்கள். வைத்துவிட்டு, ஆளுக்கொரு யோசனை சொல்ல டிராக்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு! யோவ், என்னய்யா பண்றீங்க அங்க?"

அப்போது யாரும் பார்த்திராதது நடந்தது. சாவடியின் கதவு திறந்தது. சீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்குள் வந்தார். மேடை முழுக்க ஆட்கள்.

"இது எடை போடற இடமா, கல்யாண வீடா? வண்டியோட உங்களையும் சேத்துல்ல எடை போட்டுக்கிட்டிருக்கேன்! எல்லாத்தையும் இருந்த இடத்துல வைங்க. எல்லாரும் இறங்குங்க. முதல்லேருந்து பாக்கறேன்."

ஹாரன் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பால்காரம்மா, "என்னைப் பாக்காதீங்க, நான் கடைசியாத்தான் வந்தேன்," என்றார். மூட்டை ஏறியது, பெட்டி ஏறியது, சக்கரம் ஏறியது. எல்லாரும் சாலையில் போய் வரிசையாக நின்றார்கள். டிராக்டர்காரர் இருக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது.

"பயப்படாதீங்க," என்று மட்கார்டருகே நின்ற மேடம் மெல்லச் சொன்னார்.

சாவடிக் கதவு சாத்தும் சத்தம். ஒலிபெருக்கி கொரகொரத்தது.

"அறுபது கிலோ கூடுதல்."

டிராக்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். நாளைக்கு லாரி. நாளைக்கு நாற்காலி.

ஒலிபெருக்கி இன்னும் கொரகொரத்துக்கொண்டே இருந்தது. சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது பாலம் முழுக்கக் கேட்டது.

"மேடம், முதல் நாள்லேருந்து தினம் சாயங்காலம் உங்ககிட்ட சொல்றேன், சீட்டுலயும் எழுதிக் காட்டிட்டேன். எல்லா வண்டிக்கும் கீழ நிக்கறீங்க, இந்த டிராக்டர் வந்தா மட்டும் மேடையில ஏறிடறீங்க; திரையில எட்டு டன் காட்டிட்டு அப்புறம்தான் அறுபது ஏறுது. அந்த அறுபது கிலோ நீங்கதான்னு அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?"

சாலையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். ஹாரன் முதன்முறையாக வாயை மூடினார். மேடம் யாரையும் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையின் கழுத்துவரை சிவந்து, ஒரு அடி பின்வாங்கி, மேடையை விட்டு இறங்கினார்.

"எட்டு டன். சரியா இருக்கு. போகலாம்," என்றது ஒலிபெருக்கி. தடுப்புக் கம்பி மேலே போனது.

மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. நான்கு நிமிடம் மிச்சம். டிராக்டர்காரர் கியரில் கைவைத்தார். பிறகு கையை எடுத்து, இன்ஜினை அணைத்தார்.

அந்தச் சாலையில் அவ்வளவு அமைதி எப்போதும் இருந்ததில்லை. யாரும் பக்கத்தில் வந்து காதைக் கொடுக்கத் தேவையில்லாத அமைதி. அவர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, இரண்டாவது டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வருடமாகப் பொத்தானைத் தாண்டாத குரல், பாலத்தின் அக்கரை வரைக்கும் போனது.

"மேடம், கிழங்கை இறக்கிட்டு ரெண்டரை மணிக்குக் காலி வண்டியோட திரும்பி வருவேன், அப்ப நீங்க மேடையில எங்க வேணும்னாலும் நின்னுக்கலாம், ஆனா அந்த பிஸ்கட்டைத் தின்னுடாதீங்க... என்கூட உக்காந்து சாப்பிடறீங்களா?"