பெத்லகேமில் ஏழு மாடிச் சூசையப்பர்

சேசு மரி சூசை துணை

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
பெப்ரவரி 24

பேரன்புக்குரிய யூஜினி பெரியம்மா அவர்கட்கு, தங்கள் தங்கை மகன் ஜெனோசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் அருளாலும் போன கிழமை மாற்றிய புதிய ஹீற்றரின் அருளாலும் நாங்கள் இங்கு உறையாமல் இருக்கிறோம். தாங்களும் ஓக்லாந்தில் முழங்கால் வலி தணிந்து சுகமாயிருக்க மன்றாடுகிறோம். ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் தாங்கள் நாற்பது வருடங்களாகக் கட்டிய கட்டடங்களுக்குச் சிங்கப்பூரில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி எங்கள் குடும்பத்துக்கே பெருமை.

இவ்வளவும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினது. இப்ப அவ றால் குழம்பு அடிப்பிடிக்குது எண்டு குசினிக்குள்ள ஓடிட்டா. அவ திரும்பி வாறதுக்குள்ள உண்மையை எழுதிப்போடோணும். ஏனெண்டா அடுத்த பந்தியில 'கண்காட்சிக்கு அனுப்பின கட்டட மொடல் எல்லாம் கொரியர்காரன் உடைச்சுப்போட்டான்' எண்டு எழுதச் சொல்லித்தான் அவ போனவ. கொரியர்காரன் உடைக்கேல்லை பெரியம்மா. அவனிட்ட இன்னும் குடுக்கவே இல்லை. உடைச்சது நான்.

நீங்கள் சிங்கப்பூர் ஒஃபீசை மூடேக்க ஆறு மொடல் எங்கட கராஜ்ஜுக்கு அனுப்பினீங்கள். பினாங்கு நூலகம், செபு கப்பல்துறை, டா நாங் ஹொட்டல், அப்பியா ஆசுப்பத்திரி, போர்ட் விலா சந்தை, சுவா பள்ளிக்கூடம். எல்லாம் மெல்லிய மரத்திலயும் மட்டையிலயும் உங்கட கையால ஒட்டினது. 'ஜெனோ கட்டடக்கலை படிக்கிறான், பக்கத்தில இருந்தா பாத்துப் பழகுவான்' எண்டு அம்மாவுக்குச் சொன்னீங்களாம். முதல் பிழை அங்கதான். நான் யூனிவர்சிற்றியை விட்டு ஒண்டரை வருசம். மூண்டாம் வருசம், ஒரு நாள் ஸ்ரூடியோவில இருந்து கோப்பி வாங்கப் போனன், திரும்பிப் போகேல்லை. பெரிய காரணம் ஒண்டும் இல்லை, எனக்கு ஒரு இடத்தில இருக்கேலாது, அவ்வளவுதான். பிறகு வீடுகளுக்குச் சுவர்ப்பலகை அடிச்சன், ரெண்டு மாசம். கொத்துரொட்டி டெலிவரி செய்தன், ஆறு கிழமை. இப்ப ஒஷாவாவில ஒரு வெயாஹவுசில ஃபோர்க்லிஃப்ற் ஓடுறன், அதுவாவது ஓடுது. போன வருசம் வீடியோவில தீசிஸைக் காட்டு எண்டு கேட்டீங்கள் எல்லோ, நான் காட்டினது கூடப் படிச்ச நிலாணியின்ர தீசிஸ். படி சரிவு கூடிப்போச்சு எண்டு பிழை பிடிச்சீங்கள். நான் அதை அவளுக்குச் சொன்னன், அவள் திருத்தினாள், அவளுக்கு ஏ பிளஸ்.

நான் படிப்பை விட்டது அம்மாவுக்கும் நிலாணிக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு நான் இன்னும் மாணவன். அதுதான் வினையாப் போச்சு. எங்கட கோயிலில ஒவ்வொரு நத்தாருக்கும் பகுதி பகுதியாச் சேசு பிறந்த பாலன் குடில் கட்டிப் போட்டி வைக்கிறவை. வெக்ஸ்போர்ட் ஆக்கள் நாலு வருசமா சென் ஜேம்ஸ் ரவுண் ஆக்களிட்டத் தோத்துக்கொண்டு வாறம். அவையின்ர குடிலில தண்ணி ஓடும், காத்தாடி சுத்தும். குடில் பொறுப்பாளர் நீக்கிலாப்பிள்ளை அங்கிள் பூசை முடிய என்னை மறிச்சார்.

"தம்பி, பில்டிங் படிக்கிற பிள்ளையை வைச்சுக்கொண்டு நாங்கள் ஏன் தோக்கோணும்?"

"அங்கிள், எனக்குச் சோதினை வருது."

"இதுதான் சோதினை. பெத்லகேமைக் கட்டித் தா."

படிக்கேல்லை எண்டு அந்த இடத்தில சொல்லியிருந்தா உங்கட ஆறு கட்டடமும் தப்பியிருக்கும். நான் சொல்லேல்லை. மட்டை வாங்கினன், வெட்டினன், ரெண்டு நாளில அலுத்துப்போச்சு. சரி, பெரியம்மா கூரை எப்பிடிப் போட்டவ எண்டு ஒருக்காப் பாப்பம் எண்டு பெட்டியைத் திறந்தன். சத்தியமாப் பாக்கத்தான் திறந்தன். சுவா பள்ளிக்கூடத்தின்ர அந்த நீண்ட விறாந்தை, பெரியம்மா, மாட்டுக்கொட்டிலுக்கு அதைவிடத் திறமான இடம் உலகத்தில இல்லை. ஒண்டுதானே எண்டு எடுத்துக்கொண்டு போனன். தனிய வைக்க வெறிச்செண்டு கிடந்துது. அடுத்த நாள் சந்தை போச்சு. அதுக்கடுத்த நாள் நூலகம். சனிக்கிழமை வர பசிபிக் முழுக்கக் கோயில் மண்டபத்தில.

ஒட்டகத்தைச் செபு கப்பல்துறையில இறக்கினன். டா நாங் ஹொட்டலுக்குத் தங்க நிறம் அடிச்சு ஏரோதின்ர மாளிகையாக்கினன். மாதாவுக்கு இடமில்லை எண்ட சத்திரம், அப்பியா ஆசுப்பத்திரி. சுரூபங்கள்தான் பிரச்சினை.

"அங்கிள், இந்தக் கட்டடம் எல்லாம் நூறில ஒரு பங்கு அளவு. சூசையப்பர் ஏழு மாடி உயரத்தில நிக்கிறார்."

"அவர் பெரிய மனுசன். நிக்கட்டும்."

"மாதா ஆசுப்பத்திரி வாசலால போகமாட்டா."

"அப்ப வாசலை வெட்டு. முதல்தரம் அவவுக்கு இடம் குடுக்காம விட்டது காணும்."

வெட்டினன். உங்கட அப்பியா ஆசுப்பத்திரியின்ர முன்சுவரை நான் ரொட்டி வெட்டிற கத்தியால வெட்டினன் பெரியம்மா. பிறகு அங்கிள் ஈரப்பாசி கொண்டந்து பினாங்கு நூலகத்துக்கு மேல பரப்பினார், அது மூண்டு நாளில ஊறி அப்பளம் மாதிரிச் சுருண்டுது. ஆரோ லைற்மாலையைச் செபு கூரைக்குள்ள விட, பிளாஸ்ரிக் உருகி ஒட்டகத்தோட ஒட்டிப்போச்சு. கனடாப் பெத்லகேமில பனி இல்லாட்டிச் சரிவராது எண்டு சொல்லி எல்லாத்துக்கும் மேல பஞ்சு ஒட்டிச்சினம்.

எங்களுக்குத்தான் முதற் பரிசு.

இதுவரைக்கும் நடந்தது என்ர மொக்குத்தனம். இனி எழுதப்போறதுதான் என்னால விழுங்கேலாமக் கிடக்கு. தீர்ப்புச் சொல்ல வந்த ஃபாதர் குனிஞ்சு விறாந்தைக் கூரையைப் பாத்துக்கொண்டே நிண்டவர். "இந்தக் கூரை ஆர் போட்டது?" எண்டு கேட்டார். எனக்கு உங்கட பேர் வாயில வந்துது. "நான்" எண்டு சொன்னன். அடுத்த கிழமைக் கோயில் பத்திரிகையில படத்துக்குக் கீழ 'வடிவமைப்பு: கட்டடக்கலை மாணவன் ஜெனோசன்' எண்டு போட்டாங்கள். அந்த வரியில என்ர பேர் மட்டும்தான் உண்மை.

மூவிராசாக்கள் திருநாள் முடியக் குடிலைக் கழட்டினன். பள்ளிக்கூடக் கூரையைத் தூக்கேக்க உள்ளுக்க பாத்தன். ஒருத்தரும் பாக்காத இடத்தில வாங்கு, மேசை, கரும்பலகை எல்லாம் செய்து வைச்சிருக்கிறீங்கள். நிலத்தில பென்சிலால ஒரு அம்புக்குறி, பக்கத்தில தமிழில 'காத்து இஞ்சால.' ஓடிப்போய் மற்றதுகளையும் பாத்தன். ஆறிலயும் இருக்கு. நீங்கள் முதல்தரம் இஞ்ச வந்து மைனஸ் பதினைஞ்சில வாசலில நிண்டு விரலை நனைச்சுக்கொண்டு காத்து எங்கால வருது எண்டு கேட்டது ஞாபகம் வந்துது. "நாலு பக்கத்தாலயும் வருது அக்கா, உள்ள வாங்கோ" எண்டு அம்மா இழுத்துக்கொண்டு போனவ. நான் அண்டைக்குச் சிரிச்சனான். படிச்ச காலத்தில நான் கீறின ஒண்டுக்கும் காத்து எங்கால வரும் எண்டு ஒருக்காலும் யோசிச்சதில்லை.

ஆறு கிழமையா வேலை முடிய வந்து கராஜ்ஜில இருந்து திருத்தினன். இருந்தன் பெரியம்மா, கதிரையில. நூலகமும் கப்பல்துறையும் குப்பைக்குத்தான் போச்சு. மற்ற மூண்டும் எனக்குத் தெரிஞ்ச அளவில திருத்திப் பாத்தன், சரிவரேல்லை. பள்ளிக்கூடம் மட்டும் சரி. ஒட்டுப் பசை கழுவேக்க உங்கட அம்புக்குறி அழிஞ்சுபோச்சு. சுவாவில தென்கிழக்குக் காத்து எண்டு தேடிப் பாத்து நான் திரும்பக் கீறினன். எழுத்து என்ரதான், மன்னிக்கோணும்.

ஆனபடியால் நான் சிங்கப்பூருக்கு வரேல்லை. நீங்கள் அனுப்பின ரிக்கெற்றைத் திருப்பிக் குடுங்கோ. அழைப்பிதழில 'மொடல்களைப் பாதுகாத்தவர் ஜெனோசன்' எண்டு போட்ட வரியை வெட்டுங்கோ. பள்ளிக்கூடத்தை நாளைக்குக் கொரியரில விடுறன். ஃபோன் எடுக்காதேங்கோ, எனக்கு உங்கட குரலைக் கேக்கேலாது.

அம்மா இப்ப வந்து தோளுக்கு மேலால எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டா. "கொரியர்காரன் எங்கயடா?" எண்டு கேட்டா. பிறகு கதிரையில இருந்து, "அக்காவுக்கு ஒருத்தரும் பொய் சொல்லி வெண்டதில்லை, அனுப்பு" எண்டா.

தங்கள் முழங்காலுக்கும் தங்கள் பூனைக்கும் ஆண்டவர் தம் ஆசீரைப் பொழிவாராக. அம்மா தன் அன்பையும், நீக்கிலாப்பிள்ளை அங்கிள் ஒன்றும் அறியாத தன் வணக்கத்தையும் தெரிவிக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் பெறாமகன்
ஜெனோசன்

பி.கு: கொரியர்காரன் பெட்டியை வாங்கின உடன காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஒருக்கா ஆட்டிப் பாத்தான். திருப்பிப் பறிச்சுக்கொண்டு வந்திட்டன். இப்ப எயாப்போர்ட்டில, சிங்கப்பூர் பிளேனுக்குக் காத்துக்கொண்டிருக்கிறன், பள்ளிக்கூடம் மடியில. இருபது மணித்தியாலத்துக்கு மேல ஆடாமல் அசையாமல் இருக்கப்போறன், நம்புங்கோ. கடிதத்தைக் கையிலதான் தருவன். முதல் இதை வாசியுங்கோ, பிறகு பெட்டியைத் திறவுங்கோ. நான் பக்கத்திலதான் நிப்பன், எங்கயும் போகமாட்டன். விறாந்தையில ஒரு ஆட்டுக்குட்டி ஒட்டுப்பட்டு நிக்குது, இழுத்தா நிலமும் சேந்து வருது. ஆரும் கேட்டா, அளவு தெரியிறதுக்கு வைச்சது எண்டு சொல்லுங்கோ.