ஏழாம் விதியும் இரண்டு விளக்குகளும்

வாகனத் தகுதிச் சான்று அலுவலகத்தில் விதி எழுதுவது எல்லோருக்கும் வாய்க்கிற வேலை அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக அடியேன் அதைச் செய்துவருகிறேன். அதிலும் ஏழாம் விதி என் சொந்தப் படைப்பு. "ஓட்டுநர் முன்னுள்ள முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும் எந்த வாகனத்துக்கும் சான்று வழங்கலாகாது."

முன்பெல்லாம் அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில் வண்டியை ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த மைதானத்தில் அதிகாரிகளின் கார்களுக்குக் கொட்டகை போட்ட பிறகு ஓட்டிப் பார்க்க இடமில்லாமல் போனது. விளக்கைப் பார்க்க இடம் தேவையில்லை என்ற அரிய உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

என் மனைவி எங்கள் காரில் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்சென்று இறக்குகிறாள். அதுதான் அவள் பிழைப்பு. அந்த வெள்ளிக்கிழமையோடு காரின் சான்று காலாவதி. திங்கட்கிழமை மாலை சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, வண்டியில ரெண்டு விளக்கு எரியுது. ஒண்ணு சிவப்பு, வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. இன்னொண்ணு மஞ்சள், குடிச்சிட்டு வளைஞ்சு வளைஞ்சு போற கார் மாதிரி. பிரேக் மிதிச்சா கால் உள்ள இறங்குது."

"முதல்ல விளக்கைக் கவனிப்போம். காலைப் பத்தி விதியில ஒண்ணுமில்ல."

"மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே?"

"வீட்டுலயே ஒரு அதிகாரி இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?"

அவள் கைப்பேசியை எடுத்து, வண்டி சரியாகும்வரை பிள்ளைகளை அவரவரே கொண்டுபோய் விடும்படி ஆறு வீட்டுக்கும் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் சான்று வரவில்லை என்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆறு வீட்டிலும் பதில் சொன்னார்கள்.

நான் முறைப்படி ஒரு கோப்பு திறந்தேன். பொருள்: வாகன முகப்பில் இரு விளக்குகள் எரிதல் தொடர்பாக. தொழில்நுட்ப ஆலோசகராக மைத்துனன் நியமிக்கப்பட்டான். எதையும் காணொளி பார்த்து வீட்டிலேயே செய்வதுதான் இப்போது நாகரிகம். அவன் அப்படித்தான் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு, ஒரு மாதம் தொப்பியோடு திரிந்தான்.

செவ்வாய்க்கிழமை பணி தொடங்கியது. கை பிரேக்கை நாற்பது தடவை இழுத்து விட்டோம். பேட்டரி ஒயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினோம். இரண்டு விளக்குகளும் அணைந்தன. தெருமுனை வரைதான். அங்கே போனதும் இரண்டும் சொல்லிவைத்தாற்போல எரிந்தன. பிறகு பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. மைத்துனன் வழிய வழிய ஊற்றினான். சிவப்பு அணைந்தது.

"பாத்தியா? பாதி வேலை முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"இருந்த ஆயில் எங்க போச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்றாள் மனைவி.

"போனதை விசாரிக்கிறது வேற பிரிவு."

மறுநாள் காலையில் சிவப்பு மறுபடி எரிந்தது. மைத்துனன் சற்றும் கலங்காமல் ஒரு கறுப்பு டேப்பைக் கிழித்து இரண்டு விளக்கின் மேலும் ஒட்டினான்.

"மாமா, இப்ப எரியுதா?"

"தெரியலையே."

"அப்ப எரியல."

இதில் குற்றம் காண என்னால் முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் பாதிக் கோப்புகள் இப்படித்தான் முடிகின்றன. நானே காரை ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது மிதி பஞ்சு மாதிரி தரைவரைக்கும் போயிற்று. கை பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் முட்டித்தான் வண்டி நின்றது. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். பின்சீட்டில் உட்காரும் ஆறு பிள்ளைகளின் முகமும் கண்முன் வந்தது. அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து அலுவலகம் சேர்ந்து, என் நாற்காலியில் உட்கார்ந்ததும் பயம் தெளிந்துவிட்டது. அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு சக்தி.

ஆய்வாளர் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர். நேர்மையானவர், அதாவது படிவத்தில் உள்ளதை மட்டும் பார்ப்பவர். விரல் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்தார்.

"ரெண்டு எரியுதே, சார்."

"நம்ம வீட்டு வண்டிதான்."

"தெரியும், சார். ஆனா விதி நீங்க எழுதினதாச்சே. நானே மீறினா உங்களுக்குத்தானே அவமரியாதை?"

தன் வினை தன்னைச் சுடும் என்று படித்திருக்கிறேன். என் வினை கோப்பு எண்ணோடு வந்து சுட்டது.

அன்று மாலை வரை யோசித்துத் திருத்தம் ஒன்றை எழுதினேன். "எரியும் எச்சரிக்கை விளக்கானது, தான் வேலை செய்வதைத் தானே மெய்ப்பிக்கிறது. எரியாத விளக்கு நல்ல நிலையில் உள்ளதா, செத்துவிட்டதா என அறிய வழியில்லை. எனவே பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு, விளக்கு எரியும் வாகனங்களுக்கே இனிச் சான்று வழங்கப்படும்." இயக்குநர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் காரில் மூன்று எரிந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை காலை முதல் அமல்.

வெள்ளிக்கிழமை அலுவலக வாசலில் கூட்டம் அலைமோதியது. பல வருடமாகத் தேறாத வண்டிகளெல்லாம் புகை விட்டுக்கொண்டு வந்து தேறிப் போயின. புதுக் கார் வாங்கியவர்கள் விளக்கு எரியாமல் கையைப் பிசைந்தார்கள். அவர்களுக்காக என் மைத்துனன் வாசலிலேயே ஒரு மேசை போட்டு, "ஒரு நிமிடத்தில் விளக்கு" என்று பலகை மாட்டியிருந்தான்.

பதினோரு மணிக்கு மனைவி காரோடு வந்தாள். நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்த முகம். நானும் சிரித்தேன். ஆய்வாளர் முகப்பைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுகூட எரியலையேம்மா."

"எப்படி எரியும்? நேத்து மெக்கானிக்கிட்ட விட்டேன். பின்சக்கரத்துல ஆயில் கசிஞ்சிருக்கு. சக்கரம் சுத்துறதைப் பாக்குற சென்சார் மேல சேறு அப்பியிருக்கு. ரெண்டையும் சரி பண்ணியாச்சு. வேணும்னா நீங்களே ஓட்டி, பிரேக் பிடிச்சுப் பாருங்க."

"ஓட்டிப் பாக்க எடமில்லைம்மா" என்று வருத்தத்தோடு சொல்லி, 'தகுதியற்றது' என்ற முத்திரையைக் குத்தினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன் மனைவியிடம்.

"எதைச் சொல்லணும்? பிள்ளைங்க ஏறுற வண்டிக்குப் பிரேக் போடப்போறேன்னு உங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?"

அதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. ஒரு பிள்ளையின் தாய், கூட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டு. "அக்கா, உங்க வண்டியில விளக்கே எரியலையாமே? எப்படி நம்பி அனுப்புறது?"

மனைவி பேச்சை முடித்துவிட்டுக் காரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த சென்சார் ஒயரை மட்டும் கழட்டுங்க. பிரேக்கைத் தொட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற."

இரண்டு நாள் மெனக்கெட்டும் என்னால் அணைக்க முடியாத விளக்கை அரை நிமிடத்தில் எரியவைத்தேன். இதற்குக் காணொளி எதுவும் தேவைப்படவில்லை. குடிகாரக் கார் பிரகாசமாக எரிந்தது. பக்கத்தில் இன்னொரு மஞ்சள் விளக்கும் துணைக்கு வந்தது. ஆய்வாளர் என் கையைக் குலுக்கிச் சான்றைக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு தகப்பனார் மட்டும் மகளை ஏற்றாமல், ஜன்னல் வழியே தலையை நீட்டி முகப்பில் எரிவதை எண்ணிப் பார்த்தார். பிரேக்கைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டுதானா?" என்றார். "எதிர்வீட்டு வண்டியில அஞ்சு எரியுதாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவர வீட்டுக்குள் போனேன்.