ஞானசேகரன் அளந்துகொண்டிருக்கிறார்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கையில் ஒரு அளவுகோலோடு, மிகுந்த சுறுசுறுப்பாக நிற்கிற ஒருவர் இருக்கிறாரே, அவரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். அளவுக்காரர் என்று பெயர். வீட்டில் யாராவது காய்ச்சலில் படுத்தால் கஷாயம் வைக்க மாட்டார். மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரை நீட்டுவார். மொட்டைமாடித் தொட்டி ஒழுகினால் அடைக்க மாட்டார். எத்தனை லிட்டர் ஒழுகியது என்று சொல்லுவார். சொன்னது சரியாகவும் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடராக இருக்கும் ஞானசேகரன் இந்த இனத்தில் பழுத்த பழம். சர்க்கரைக்காக தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நான்கு வருஷமாகச் சர்க்கரை அளவை மூன்று கலரில் கிராஃப் போட்டு, ஆவடி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். கிராஃப்தான் நடந்து நடந்து சுவரின் அந்தக் கோடிக்குப் போயிருக்கிறது.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஹில்டாவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது, அந்தத் திங்கட்கிழமை வரை. அன்று சென்னீர்குப்பத்துக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இவர்கள் ஜாவாவில் எழுதிக்கொடுத்த டோக்கன் பக்கம் திறக்க ஒன்பது செகண்ட் ஆகிறதாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று செகண்டில் திறக்காவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வார்களாம். இந்த ஆஸ்பத்திரி கைநழுவினால் ஹில்டாவைச் சிறுசேரி ஆபீசுக்கு மாற்றிவிடுவார்கள். அவள் வீடு இருப்பதோ வேப்பம்பட்டில். வேப்பம்பட்டிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வருவதற்குப் பதில், அங்கேயே படுத்துக் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வீட்டுக்கு வரலாம்.

"முதல்ல டிரேஸிங் போட்டுடுவோம்மா. எங்க லேட்டாவுதுன்னு தெரியாம கை வைக்கக் கூடாது," என்றார் ஞானசேகரன்.

நியாயமான பேச்சு, யார் மறுக்க முடியும்? சர்வரைக் கிளப்பும் கட்டளையில் ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்ததும், 'பக்கத்தைக் கொடு' என்ற அந்த ஒரு கோரிக்கை ப்ரோகிராமுக்குள்ளே எங்கெங்கே போயிற்று, எங்கே எத்தனை நேரம் நின்றது என்று படமாகவே வந்துவிட்டது. அரை மணி நேர வேலை. அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, டீ மெஷினுக்கு மேலே ஒட்டினார்.

ஆனால் வாசகரே, அதை அவர் படிக்கவில்லை. ஏன் படிக்க வேண்டும்? படம்தான் வந்துவிட்டதே.

செவ்வாய்க்கிழமை, கலர் எடுப்பாக இல்லை என்று மாற்றினார். புதன்கிழமை, முக்கியமான இடங்களை மட்டும் பார்த்தால் போதாது என்று, ப்ரோகிராமில் இருக்கும் அத்தனை ஃபங்ஷனுக்கும், பேஷண்ட் பெயரை எடுத்துக்கொடுப்பதைத் தவிர வேறு பாவம் அறியாத இரண்டு வரி ஃபங்ஷனுக்கும்கூட, தலைக்கு ஒரு காவல் போட்டு, உள்ளே போகும்போது ஒரு குறிப்பு, வெளியே வரும்போது ஒரு குறிப்பு என்று எழுத வைத்தார். பக்கம் திறக்க இருபத்தொரு செகண்ட் ஆயிற்று. "பார்த்தியாம்மா, இப்பதான் பிரச்சினை தெளிவா தெரியுது," என்று பூரித்தார். வியாழக்கிழமை, இந்த டிரேஸிங் எவ்வளவு நேரத்தைச் சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு டிரேஸிங் போட்டார். நாற்பது செகண்ட்.

"இன்னா ஞானம், இன்னும் சுத்திகினே கீது?" என்று வந்து நின்றார் முதலாளி பக்தவத்சலம்.

"ரிப்போர்ட் ரெடி சார். எண்பத்திரண்டு பக்கம்."

"ரிப்போர்ட்டு கேட்டனா நானு?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சிறுசேரிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மனசுக்குள் எண்ணியபடி ஹில்டா டீ மெஷின் முன்னால் நின்றாள். டீ இறங்கும்வரை எதையாவது பார்க்க வேண்டுமே என்று, சுவரில் இருந்த திங்கட்கிழமைப் படத்தைப் பார்த்தாள். ஒரே மாதிரிக் குட்டிக் குட்டிக் கோடுகள். பக்கத்திலேயே எண்ணிக்கை, முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தத் திங்கட்கிழமை டோக்கன் வாங்கியவர்களும் அத்தனை பேர்தான். ஒவ்வொருவருக்கும் எந்த டாக்டர் என்று கேட்டு ப்ரோகிராம் தனித்தனியாக டேட்டாபேஸுக்கு ஓடியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் இருப்பதே நான்கு டாக்டர்கள்.

டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நான்கு பெயரையும் ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளும்படி மாற்ற அரை மணி நேரம். தட்டிப் பார்த்தாள். பக்கம் இன்னும் முப்பது செகண்டில்தான் திறந்தது.

"சார், டிரேஸிங்கை எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா, வேகமாயிடுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

மணி பத்து ஐம்பது. அதுவரை ஹில்டா அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை, அவர் சேர்த்த வரிகளை அழித்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினாள்.

பதினொன்று ஐந்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "தட்டுன உடனே தொறக்குதுங்க. நீங்களே தொடர்ந்து பாத்துக்கங்க."

ஹில்டா காட்டிய படத்தையும் அதிலிருந்த தேதியையும் பக்தவத்சலம் மாறிமாறிப் பார்த்தார். "கையில வெண்ணெய வெச்சுக்கினு நெய்க்கு அலைஞ்சிகினு இருந்துகிறியே நைனா," என்றார்.

ஞானசேகரன் முகத்தில் மெய்யான துக்கம். "எத்தனை செகண்டுல தொறந்துச்சுன்னு ரெக்கார்டே இல்லாம போச்சே சார்."

சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில், சிறுசேரி தப்பிய நிம்மதியில், அந்த முகத்தை நினைத்து நினைத்துச் சிரித்தபடி, திருவள்ளூர் வண்டி எங்கே வருகிறது என்று ஹில்டா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். கொரட்டூர் தாண்டிற்று. பட்டரவாக்கம் தாண்டிற்று. 'அம்பத்தூர், ஒரு நிமிடம்' என்று காட்டியதை அவள் கண் எடுக்காமல் பார்த்திருக்க, வண்டி எதிரே வந்து நின்று, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போய்விட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தினம் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டுவதற்காக மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நாற்பது அடியா? அதுவும் அதைச் சார்ஜரிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்ததுதான்.