செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி

ஞானசம்பந்தம் பெரியப்பாவின் ஈரத்தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் சரியாகச் சென்னை விமான நிலையத்தின்மேல் விழுந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த சண்முகப்பிரியா பதறித் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க வான்வழி வரைபடம் விரிந்து கிடந்தது. பெரியப்பா குற்றாலச் சீசனுக்குக் குளிக்க ராயகிரியிலிருந்து வந்தவர். விடிகாலையிலேயே போய் ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, சரியாகத் துவட்டாமல்கூட வந்து குனிந்து பார்க்கிறார்.

"இந்தக் கோடு என்னட்டி?"

"நான் பறக்கப்போற வழி பெரியப்பா. வார செவ்வாக்கிழமை மூணரைக்கு. புதுச்சேரிப் பக்கத்துல ஏறி, சென்னைக்கு மேல போயி, திருப்பதி வரைக்கும். அங்கன இறங்கிட்டு உடனே திரும்பணும்."

"கூட யாரு வாரா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

பெரியப்பா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தார். திருவள்ளூர் வரைக்கும் மறைந்துபோயிற்று.

"செவ்வா வடக்க சூலம். மூணுல இருந்து நாலரை ராகுகாலம். ஒண்ணு இருந்தாலே எட்டு வச்சிப் போவக்கூடாது. நீ ரெண்டையும் சேத்துல்லா புடிச்சிருக்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிரியாவுக்கு அதுவே போதும், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பைலட் ஆகிறேன் என்று அவள் சொன்ன நாளில் அம்மா இராமலட்சுமி ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள். எந்த நல்ல காரியம் என்றாலும் பெரியப்பா நேரம் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். பிரியா சேர்ந்ததும் அவர் குறித்த நேரம்தான். முதல்முதலாகத் தனியாக ஏறி இறங்கியதும் அவர் குறித்த நேரம்தான்.

ஆனால் இது அப்படியில்லை. சென்னைக்கு மேலே வானம் பெரிய பஸ் ஸ்டாண்டு மாதிரி. ஏறுவதும் இறங்குவதுமாக நிமிஷத்துக்கு ஒரு பெரிய விமானம். நடுவில் சின்ன விமானம் நுழைய, மாதத்தில் ஒரு வாரம், இத்தனை நேரம் என்று அவள் படிக்கிற விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அளந்துதான் கொடுப்பார்கள். எந்த வழி, எந்த உயரம், எங்கே யாரிடம் ரேடியோவில் அனுமதி கேட்பது என்று திட்டம் எழுதி, இன்று வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பதிந்தாக வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான். அதற்குள் அவள் முன்பு பாஸ் பண்ணிய பரீட்சைகள் காலாவதியாகிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

பள்ளிக்குப் போன் போட்டு நேரத்தை மாற்றலாம். காரணம் சொல்ல வேண்டுமே, அதுதான் தொல்லை. தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் ராமசேஷன் அப்படிப்பட்ட ஆள். ஒரு பையன் விமானத்தின் மூக்கில் எலுமிச்சம்பழம் கட்டினான் என்று, அந்தப் பழத்தையே பிழிந்து எல்லாருக்கும் சர்பத் போட்டுக் கொடுக்க வைத்தவர். அவரிடம் போய் ராகுகாலம் என்றால் லைசென்ஸ் கனவைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

அலுவலகத்தில் நேரம் பதிகிற ஷமீம் பானு கடையநல்லூர்க்காரி. பிரியா போனில் அவளிடம், மதியத்துக்கு மேல் இடிமேகம் கூடும், அதனால் புதன் காலை எட்டு மணி வேண்டும் என்றாள். பானு கேப்டனைக் கேட்டுவிட்டு வந்தாள். கேப்டனுக்கு ஒரே சந்தோஷமாம். மேகக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பச் சொன்னாராம்.

பிரியா நிம்மதியாகப் போனை வைத்தாள். பெரியப்பா ஒரு பக்கம் புரட்டினார்.

"புதனும் வடக்க சூலந்தான். எட்டு மணி எமகண்டம்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ எங்க கேட்ட?"

சூலத்துக்கு அவரே வழியும் சொன்னார். முதல் அடி எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதுதான் கணக்காம். அதனால் முதலில் கிழக்கே கடல் பக்கம் கொஞ்சம் போய்விட்டு, அப்புறம் பராக்குப் பார்க்கிற மாதிரி வடக்கே திரும்பிவிட வேண்டும். எமகண்டம் ஒன்பதோடு முடிகிறது. ஒன்பதரைக்குக் கிளம்பினால் சரி. பிரியா கோட்டை அழித்துக் கடல்மேல் வரைந்தாள். எட்டை விட்டுவிட்டு ஒன்பதரை வேண்டும், கீழே வீடுகள் இருக்காது, என்ஜின் நின்றாலும் ஊருக்கு ஆபத்தில்லை என்று பானுவிடம் சொன்னாள்.

கேப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். என்ஜின் நின்றால் கரை வந்து சேருவாயா?

பிரியா ஒரு தாளில் கணக்குப் போட்டாள். கரைக்கு ஏழு கிலோமீட்டர் முன்பே விமானம் கடலில் விழுந்தது.

அப்பா செந்தில்வேல் அப்போதுதான் வந்தார். புளியறை வழியாகக் கேரளாவுக்கு மூன்று லாரி விடுகிறவர். உலகத்தில் இருக்கிற எல்லாத் தடங்கலும் அவருக்குச் செக்போஸ்டுதான்.

"நீச்சல் அடிச்சி வந்துர வேண்டியதுதான? சின்னதுல இருந்து குத்தாலத்துல குளிக்கால்லா."

"அருவிக்குக் கீழ நின்னா நீச்சல் வந்துருமாப்பா?"

அப்பா அதை யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். சென்னைக்கு மேலே போகாமல் சுற்றிப் போனால் என்ன, புளியறையில் நெருக்கடி என்றால் நம் வண்டி அச்சன்கோவில் வழியாகப் போகவில்லையா என்று கேட்டார். சென்னைக்குள் நுழைந்து வெளியே வருவதுதான் பரீட்சையே என்று பிரியா விளக்குவதற்குள் மணி பத்தரை ஆகிவிட்டது.

பத்தரை ஆனதும் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அந்த நேரத்தில் பேசுகிற பேச்சு உருப்படாது. போன் அரிசி டிரம்முக்குள் போயிற்று. ஒன்றரை மணி நேரம் டிரம் மணியடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அதன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள்.

பன்னிரண்டு அடித்ததும் போனைத் தோண்டி எடுத்தாள் பிரியா. புதன்கிழமை நேரங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். வியாழன் பதினொரு மணி இருந்தது. வெயில் கண்ணில் அடிக்காத நேரம் என்று சொல்லி அதைப் பிடித்தாள். வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று கேப்டன் ஒரு தாள் கேட்டார். மேகத் தாள், கடல் தாளோடு இது மூன்றாவது. நேரம் மாற்றுவது என்றால் சண்முகப்பிரியா மாதிரிக் காரணத்தோடு மாற்ற வேண்டும் என்று வகுப்பில் வேறு சொன்னாராம். பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியப்பாவுக்கு இறங்கியது. அவியலும் சொதியுமாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர், தூக்கத்திலேயே யோசித்திருப்பார் போல.

"வியாழன் தெக்க சூலம். போறது சரி. வாரது தெக்கல்லா?"

பிரியா மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

ராத்திரி அங்கேயே தங்கி மறுநாள் வரலாமே என்றாள் அம்மா. திருப்பதி போய்ச் சாமி கும்பிடாமல் திரும்புவது தப்பில்லையா என்றும் கேட்டாள். லாரி செக்போஸ்டில் நாள் கணக்காய் நிற்கவில்லையா, விமானம் ஒரு ராத்திரி நின்றால் என்ன குறைந்துவிடும் என்றார் அப்பா. மூன்று பேரும் திருப்பதியில் யார் வீட்டில் தங்குவது என்கிற பேச்சில் இறங்கிவிட்டார்கள். அங்கே ஒரு சித்தி இருக்கிறாள் என்பதும், அவளோடு நான்கு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் பிரியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டரைக்குப் பானுவைக் கூப்பிட்டு, வியாழனை விட்டுவிட்டு அடுத்த வெள்ளி பத்து மணியை வாங்கினாள். திருப்பதியில் காற்று அன்றைக்குத்தான் சாதகம் என்றாள். நான்காவது தாள். வெள்ளிக்கிழமை சூலம் மேற்கே. போக வடக்கு, வரத் தெற்கு, இரண்டுமே சுத்தம். பெரியப்பா முதல்முறையாகச் சிரித்தார். அம்மா காப்பி கொண்டுவந்தாள்.

அப்பாதான் கெடுத்தார். "பத்துக்கு ஏறுனா சென்னைய எப்பத் தாண்டுவ?"

"பத்தே முக்கால்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும்.

கொஞ்சம் விரட்டி ஓட்டக் கூடாதா என்று கேட்டார் அப்பா. கூடாது. அப்படியானால் எட்டு மணிக்குக் கிளம்பு என்றார் பெரியப்பா. பிரியா பானுவிடம், பத்தை வெட்டிவிட்டு எட்டு போடச் சொன்னாள். பானு பத்தை வெட்டினாள். அப்புறம் பார்த்தால் எட்டு ஏற்கெனவே கூடப் படிக்கிற நீலா பெயரில் இருக்கிறது. சரி, பத்தையே கொடு என்றால், பானுவின் பக்கத்துப் போனில் இன்னொரு மாணவன் கௌசிக் அந்த நொடியே அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

பானு திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். கடிகாரம் மூன்று அடித்தது.

"எமகண்டம்" என்றாள் அம்மா. டிரம்மின் மூடி திறந்தது.

இந்த முறை மணியடிக்கக்கூட இல்லை. அதுதான் பிரியாவை என்னமோ செய்தது. மூன்றே கால், மூன்றரை. வரைபடத்தில் அழித்து அழித்து வரைந்ததில் செங்கல்பட்டு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அவள் நான்கு தாளையும் அடுக்கினாள். மேகம், கடல், வெயில், காற்று. ஒவ்வொரு கணக்கும் சரி. ஒவ்வொன்றும் பொய்.

மூன்று ஐம்பதுக்கு எழுந்து போய், அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரிசிக்குள் கையை விட்டாள்.

"ஏட்டி, எமகண்டம்."

"தெரியும்மா. பத்து நிமிசம் போச்சுன்னா நான் மறுபடி பரீச்சை எழுதிட்டே கிடக்கணும். அதுக்கு எந்த கண்டம்னு பெரியப்பா பாத்துச் சொல்லட்டும்."

பெரியப்பா பஞ்சாங்கத்தை மூடினார். அவள் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. அம்மாவின் கை டிரம் மூடியிலேயே நின்றது. பிரியா எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பானு அக்கா, எதாவது நேரம் மிச்சம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. காலைல நீ வேண்டாம்னியே, செவ்வா மூணரை. ஒருத்தரும் தொடல."

பிரியா மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அதையே போடுங்க. இன்னொண்ணு, அக்கா. மேகம், வெயிலுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எங்க வீட்டுல ராகுகாலம் பாக்காவ. அதுக்குத்தான் மாத்தி மாத்தி நேரம் கேட்டேன். கேப்டன் சார்ட்ட நானே வந்து சொல்லுதேன். திட்டுனா வாங்கிக்கிடுதேன். ஆனா செவ்வாக்கிழமை நான் ஏறுவேன்."

பதிந்தாயிற்று என்றாள் பானு. மணி மூன்று ஐம்பத்து நான்கு. அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா கூரையைப் பார்த்தார். அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி அம்மாவின் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

போனில் நாற்காலி நகருகிற சத்தமும் கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டன. பானு திரும்ப வந்து பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"நீ அவுகட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் தாயி. அந்த மூணரை மொதல்ல கேப்டன் சார் போறதுக்குப் போட்ட நேரம். ராகுகாலம்னு அவுகதான் உன் பேருக்கு மாத்தி உட்டாவ."