தொப்பையுள்ள பொம்மை வாங்கப் போனேன்

கொலுவுக்கு ஒரு புதுப் பொம்மை வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வருஷத்துக்கு ஒன்றாவது புதுசாக வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மயிலாப்பூரில் குடியிருப்பவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. இந்த வருஷம் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"தொப்பை இருக்கிற பொம்மையா வாங்குங்கப்பா."

காரணம் என் பேத்தி நிலா. இரண்டாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு எந்தப் புண்ணியவானோ ஒரு பிளாஸ்டிக் பொம்மை கொடுத்துவிட்டுப் போனார். பெயர் பிங்கி. முழங்கால் வரை முடி. கழுத்தைவிட ஒல்லியாக இடுப்பு.

அன்றிலிருந்து நிலா ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறாள். கேட்டால், "தொப்பை வந்துடும். பிங்கிக்கு இல்லையே!"

போன வாரம் பள்ளிக்கூடத்தில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் ஓடினோம். "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

"தி.நகர்ல பெரிய கடையில பாருங்கப்பா. அவளையும் கூட்டிட்டுப் போங்க. அவளுக்கே பிடிக்கணும்" என்றாள் மகள்.

போனோம். ஏசி கடை. ஒரு சுவர் முழுக்க ரோஸ், எதிர்ச் சுவர் முழுக்க நீலம். நடுவில் நான்.

விற்கிற பெண்ணிடம் கேட்டேன். "தொப்பை உள்ள பொம்மை இருக்காம்மா?"

"பாய்ஸுக்கா, கேர்ள்ஸுக்கா அங்கிள்?"

"தொப்பையில அது வேறயா?"

நீலப் பக்கம் பார்த்தேன். ஆம்பளைப் பொம்மைகள். வயிற்றில் செங்கல் அடுக்கியிருந்தது. ஒருத்தனுக்கும் கழுத்தைக் காணோம். எல்லாரும் யாரையோ அடிக்கப் போகிற முகம்.

ரோஸ் பக்கம் பிங்கியின் மொத்த வம்சமும் நின்றது. பக்கத்திலேயே அடுப்பு, குக்கர், தோசைக்கல். எல்லாம் ரோஸ்!

"சமைக்க இவ்வளவு சாமான் குடுத்திருக்கான். சாப்பிட வயிறு குடுக்கலையே?" என்றேன்.

"தாத்தா, கத்தாத" என்றாள் நிலா.

"தொப்பை வச்சா மூவ் ஆகாது அங்கிள், யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள் விற்கிற பெண்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

"டயட் அங்கிள்."

கிளம்பிவிட்டேன்.

ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் மாட வீதிக்கே திரும்பினோம். நடைபாதை முழுக்கக் கொலுப் பொம்மைகள். ஒரு அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"தொப்பை வெச்சது வேணும்."

"இன்னா பெர்சு, இத்த கேக்கவா அலையுற? செட்டியார் கீறாரு பாரு!"

கொலுவில் மளிகைக்கடை போட்டு உட்காருவாரே, அந்தச் செட்டியார். மடியில் வழிகிற தொந்தி. பக்கத்தில் மனைவி, அவரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. சாப்பிட்டவர்கள் சிரிப்பு.

நிலா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தாத்தா, உன் வயிறு மாதிரியே இருக்கு."

"பின்ன? உங்க தாத்தாவ வெச்சுத்தான் பாப்பா அச்சு எடுத்தாங்க" என்றார் அந்த அம்மாள்.

நிலா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். விடக் கூடாது என்று நினைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது.

"பக்கத்துல உக்காரு தாத்தா, பார்க்கணும்."

உட்கார்ந்தேன். தரையில். நடைபாதையில். பொம்மைகளுக்கு நடுவில். தொந்தியைத் தட்டி, "பார், எவ்வளவு ஜம்முனு இருக்கு!" என்றேன்.

சட்டைப் பொத்தான் தெறித்தது. நேராகப் போய்ச் செட்டியார் மூக்கில் பட்டது.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு பையன் போனில் படம் பிடித்தான். ஒரு மாமி குனிந்து என் பக்கம் கைகாட்டி, "இது தனியா வருமா, ஜோடியாத்தானா?" என்றாள்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. அத்தோட சம்சாரம் வூட்ல கீது" என்றார் கடைக்கார அம்மாள்.

எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் முட்டி வரவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். கொலுப் பொம்மையைத் தூக்குகிற மாதிரியே, அடியில் கை கொடுத்து.

செட்டியாரையும் மனைவியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூக்கு சேதம் என்று விலை குறைக்கவில்லை. பொத்தான் என்னுடையதாம்.

கொலு வைத்தோம். செட்டியார் முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் பரப்பியாயிற்று. நிலா பிங்கியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். குதிகால் தரையில் படாத கால் அதற்கு. விழுந்தது.

மறுபடி நிறுத்தினாள். ஃபேன் காற்றில் விழுந்தது. செட்டியார் அசையவில்லை.

"ஏம்மா பிங்கி மட்டும் விழறா?"

மகள் வாயைத் திறக்குமுன் நிலாவே தீர்ப்புச் சொன்னாள். "சாப்பிடலை. அதான் மயக்கம். பாவம்."

மகள் சமையல் கட்டுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் பார்க்கவில்லை.

நிலா பிங்கியைச் செட்டியார் தொந்தியில் சாய்த்து வைத்தாள். நின்றது. அப்புறம் யோசித்தாள்.

"பிங்கிக்குத் தொப்பை வேணும். செட்டியார்கிட்ட நிறைய இருக்கு. கொஞ்சம் குடுக்கலாம்ல?"

"அது மண்ணுடி. எப்படிக் குடுக்கும்?" என்றேன்.

"அப்ப நீ குடு. நீயும் அவரும் ஒண்ணுதானே?"

நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல், வடை, பாயசம். எல்லாம் என் தட்டில் விழும். பிங்கி சார்பில் ஒரு கை வரும். பிங்கியால் மெல்ல முடியாது என்பதால் நிலாவே மென்றுவிடுவாள்.

குழந்தை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். என்னுடையதை.