ஃபிரிட்ஜண்ணாவுக்கு வெயில் காட்டிய கதை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூரியனைப் பார்த்து, "சார், உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்று கேட்கும் தகுதி ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் ஃபிரிட்ஜண்ணா.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அதை எழுதியவனே நான்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "உன்னைத்தான் கூப்பிடறாங்க, போ" என்பார்.

ஓசூரைத் தாண்டித் தளி ரோட்டில் இருந்தது எங்கள் ரோஜாப் பண்ணை. பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸில் வளரும் பூவை வெட்டி, தரம் பிரித்து, குளிர் அறையில் வாளி வாளியாக அடுக்கி, பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு லாரி ஏற்றுவார்கள். எனக்குக் கணக்கெழுதும் வேலை. அவருக்குக் குளிர் அறை. பனி விலகுவதற்குள் உள்ளே போய்விடுவார். பொழுது சாய்ந்தபின் வெளியே வருவார். இடைப்பட்ட நேரத்தில் ஓசூருக்கு என்னவெல்லாம் நடந்தது என்று அவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

உடுப்பு என்று பார்த்தால் பனியன், அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அந்த ஸ்வெட்டருக்குக் குளிராமல் இருக்க இன்னொரு ஸ்வெட்டர், கம்பெனி கொடுத்த ஜெர்கின், தலையில் குரங்குக் குல்லா. சித்திரை வெயிலிலும் இதே கோலம்தான். அவருக்குக் காது உண்டா இல்லையா என்பதில் பண்ணைக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன.

குளிர் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே யாரும் தனியாக இருக்கக் கூடாது. கதவு மாட்டிக்கொண்டாலோ மயக்கம் வந்தாலோ இழுத்துப்போட இன்னொரு ஆள் வேண்டும். கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருவர் முறை வைத்து, மணிக்கு ஒருவராக, அவருக்குத் துணைக்குப் போக வேண்டும். குளிரைக்கூட அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அண்ணாவின் கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, உன் நாத்தனா கோவிச்சிக்கிட்டுப் போனாளே, வந்துட்டாளா?"

"அண்ணா, அது போன தீவாளி கதை."

"அதான் கேக்கறேன். வந்துட்டாளா, இல்லியா?"

மூன்று பாஷையில் கேட்பார். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் நோண்டி, கன்னடத்தில் ஆறுதல் சொல்வார். தரம் பிரிக்கும் மேஜைக்குத் தலைவியான சகாயமேரி ஒருநாள் உதட்டில் நடுக்கத்தோடு வெளியே வந்து சொன்னாள்: "எங்க சாமியார்கிட்டகூட இவ்ளோ பாவசங்கீர்த்தனம் பண்ணதில்ல சார். அவரு பாவத்த மட்டுந்தான் கேப்பாரு. இவரு பாவம் பண்ணவ அட்ரஸையும் கேக்கறாரு."

இப்படி எல்லார் வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக் கதை ஒருவருக்கும் தெரியாது. வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்த ஊர், ஓசூரில் ஒற்றை அறை, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் எனக்குச் சாவு நெருங்கியது.

நெருங்கியது என்று நான்தான் முடிவு கட்டினேன். அந்த மார்கழியில் இடுப்பு வலித்தது, தொடை வலித்தது, பல் தேய்த்தால் தோள் வலித்தது. நான் குடியிருந்த வீடு, இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே செருகி வைத்த தரைத்தள அறை. சூரியன் அங்கே வரவேண்டும் என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடியும். கிருஷ்ணகிரியில் ஓவர்டைம் பார்க்கிற சூரியன், சூளகிரி தாண்டியதும் மெடிக்கல் லீவு போட்டுவிடும் காலம் வேறு. டீச்சரான மனைவியும் காலேஜ் படிக்கும் மகளும் சேலத்தில். வலி என்று சொல்ல அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. வாரம் ஒரு மாத்திரை. பதினோரு மணி வாக்குல கை கால்ல வெயில் படற மாதிரி கொஞ்ச நேரம் நில்லுங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் யாரிடம் சொல்வார்? பயப்பட வேண்டியவனிடம்தானே! "ரெண்டு ரெண்டா போட்டுக்கவா சார்?" என்றேன். "போட்டா வேற வியாதிக்கு என்னையே வந்து பாக்கணும்" என்று சிரித்தார்.

அன்று போனில் படிக்கத் தொடங்கினேன். எலும்பு சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிலிருந்து நான் தும்மவில்லை. தும்மல் வந்தால் விலா எலும்பைக் கையால் அணைத்துக்கொண்டு பாதியில் விழுங்கினேன். ஆபீஸ் படிக்கட்டில் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, மணப்பெண் மாதிரி இறங்கினேன். செக்யூரிட்டி கை குலுக்க வந்தபோது கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். அவர் பிடி கொஞ்சம் முரட்டுப் பிடி.

வெயிலில் நிற்பதாவது சுலபமா? வேலை நேரத்தில் நடுவயசு ஆள் ஒருவன் முழுக்கையை மடித்து, பேன்ட்டை முழங்காலுக்கு ஏற்றி, தனியாக வானத்தைப் பார்த்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? வேன் டிரைவர் வண்டியை நிறுத்தி, "சார், வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டு பேர் நின்றால் அது பேச்சு. ஒருவர் நின்றால் அது பைத்தியம். வெயில் காய்வதற்கும் ஆள் வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குளிர் அறையில் ஃபிரிட்ஜண்ணா கீழே உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் ரேக்கைப் பிடித்துத் தொங்கினார். துணைக்குப் போன சகாயமேரிதான் தூக்கி நிறுத்தினாள். "ஒரு மாசமாவே இப்டித்தான் சார். வாளிய தூக்கறப்ப கால் நடுங்குது. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு" என்றாள்.

புதிதாக மதம் மாறியவனுக்கு இருக்கும் வேகம் எனக்கு. அவரை ஸ்கூட்டரில் ஏற்றி, அதே டாக்டரிடம் கொண்டுபோய் ரத்தம் எடுக்க வைத்தேன். ரிசல்ட் வந்தது. என்னைவிடக் கம்மி. ரொம்பக் கம்மி. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அத்தனை நாள் பண்ணையில் அந்த வியாதிக்கு நான் ஒருவன்தான் சொந்தக்காரன்.

டாக்டர் இந்தமுறை சிரிக்கவில்லை. "எலும்பு இளகி இருக்கு. தசையும் விட்டுப்போச்சு. மாத்திரை தர்றேன். ஆனா அந்த ரூமுக்குள்ளயே கெடந்து ஒருநாள் வழுக்கி விழுந்தா இடுப்பு போயிடும். வெளியில வேலை கேளுங்க" என்றார்.

கேட்டோம். மேனேஜர் நல்ல மனுஷன். பண்ணையின் கடைசியில் தண்ணீர்க் குட்டை, அதன் கரையில் மோட்டார் கொட்டகை. மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, மீதி நேரம் வெயிலில் உட்கார்ந்திருப்பது. சம்பளம் அதே. பண்ணையில் பாதிப் பேர் அந்த வேலைக்கு மொட்டை போட வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஃபிரிட்ஜண்ணா, "வேணாங்க" என்றார்.

"ஏங்க?"

"வேணாங்க."

கெஞ்சினேன், மிரட்டினேன், போனில் சாக்பீஸ் படத்தைக் காட்டினேன். "இது எங்க ஸ்கூல்ல இருந்துச்சு சார்" என்றார். சரி, இவரை இவர் கோட்டையிலேயே பிடிப்போம் என்று, ஆபீஸ்காரர்களுக்கு இல்லாத துணை முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கதவு சாத்தியதும் என் கண்ணாடியில் பனி மூடியது. துடைத்துவிட்டுப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பூப்பெட்டி ஒன்று, அதன் மேல் நாலாய் மடித்த சாக்கு, அதன் பக்கத்தில் துவைத்து மடித்த கம்பளிக் குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ். அத்தனையும் துணைக்கு வருகிறவர்களுக்கு. அவர் சொந்தக் காசில் வாங்கி, வாராவாரம் ஓசூர் அறைக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கொண்டுவருவது.

"உக்காருங்க சார். குல்லா போட்டுக்குங்க. பாப்பா காலேஜுல பரிட்சை எப்ப?"

பல் தந்தியடிக்க, "பரிட்சை கெடக்கட்டும். ஏன் வெளிய போக மாட்டேங்கறீங்க?" என்றேன்.

பூ வாளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசியதைவிட அவர் வாயிலிருந்து வந்த புகைதான் முதலில் தெரிந்தது.

"மோட்டார் கொட்டாய்க்கு யாரு சார் வருவாங்க? காலைல போய் உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் தவளைதான். ரூமுக்குப் போனாலும் ஆள் கெடையாது. இங்கதான் சார், தனியா இருக்கக் கூடாதுன்னு கம்பெனியே எழுதிப் போட்டிருக்கு. எந்த வீட்ல சார் இப்டி எழுதிப் போட்டிருக்கான்?"

குளிரில் மூளை உறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூளை உருகியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். தை மாதம் வரைக்கும் ஜவளகிரிக் காட்டுப் பக்கம் யானைகள் வந்து போவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த விஷயத்தை நான் தும்பிக்கையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தேன். "சார், யானை தண்ணி தேடி வந்தா முதல்ல நம்ம குட்டைக்குத்தான் வரும். மோட்டார் கொட்டகையில ஒத்த ஆள விடறது நல்லதில்ல" என்றேன். மேனேஜர் யானையைக் கோயிலில் பார்த்ததோடு சரி. அன்றைக்கே உத்தரவு போட்டார்: கொட்டகையில் எப்போதும் இரண்டு பேர், முறை வைத்து.

மறுநாள் ஃபிரிட்ஜண்ணா வெளியே வந்தார்.

வெயிலில் உட்கார்ந்தார், ஸ்வெட்டர் குல்லா சகிதம். வெயில் எந்த வழியாக உள்ளே போவது என்று தெரியாமல் அவரையே சுற்றிச் சுற்றி வந்தது. "அண்ணா, கழட்டுங்க" என்றாள் சகாயமேரி. முட்டைக்கோசு உரிக்கிற மாதிரி உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் முண்டா பனியனோடு, மூன்றில் ஒரு பங்கு ஆளாக, கூச்சத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் இருந்தன. ஒரு கட்சி தோற்றது.

முறைக்குப் போகப் பெண்களுக்குள் சண்டை. குளிரில் நடுங்கிக்கொண்டு பதில் சொன்ன கதைகளை இப்போது கால் நீட்டி உட்கார்ந்து தாங்களாகவே சொன்னார்கள். நானும் பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விடுவேன்.

"ஆனை வந்தா யாரு சார் யாரக் காப்பாத்தறது?" என்றாள் சகாயமேரி.

"அண்ணா இருக்காரில்ல?"

"அது சரி. அதுங்கிட்ட நாத்தனா எப்பிடி இருக்கான்னு கேப்பாரு. தானா ஓடிரும்."

பிப்ரவரி வந்தது. காதலர் தினத்துக்கு ஊரெல்லாம் ரோஜா கேட்கும் மாதம். பண்ணையில் சாப்பிடக்கூட ஆளுக்கு நேரமில்லை. மேனேஜர் யானையை ரத்து செய்தார். துணை முறை போயிற்று. இவர் மறுபடி குளிர் அறைக்கு ஓடிவிடுவார் என்று பதறிக்கொண்டு குட்டைக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். எலும்பு ஞாபகம் பாதி வழியில்தான் வந்தது.

அவர் அங்கேயே இருந்தார். தனியாக. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"எங்க போறது? பதினோரு மணிக்கு நீங்க வருவீங்களே." குட்டையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இந்தக் குட்டைக்கு ஆனை வராது சார். மூணு பக்கமும் கம்பெனிச் சுவரு. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க படிக்கட்டுல ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிட்டு எறங்கறதப் பாத்தேன். மனுசன் பயந்து கெடக்காரு, சம்சாரம் ஊர்ல இருக்கு, வெயில்ல கூட நிக்க ஒரு ஆளு இல்ல. வான்னு வாய்விட்டுக் கூப்பிட வெக்கம். அதான் ஆனையெல்லாம் கூட்டிட்டு வர்றாருன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு சார்."

எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருப்பேன் என்று பெயர் எடுத்தவன் நான். அன்று ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோடை வருவதற்குள் அவர் வாளியை ஒற்றைக் கையில் தூக்கினார். மோட்டார் கொட்டகை வேலை அவருக்கே நிரந்தரமானது. போன வருஷம் நான் வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்கே வந்துவிட்டேன். இங்கே வெயிலுக்கு என்ன குறைச்சல்? கதவைத் தட்டிக் கூப்பிட்டுக் கொடுக்கிறது.

தினமும் பதினோரு மணிக்குப் போன் வருகிறது. "சார், மாடிக்குப் போயிட்டீங்களா?" மனைவி பள்ளிக்கூடத்தில் இருப்பாள், மகள் காலேஜில் இருப்பாள், நான் மாடியில் கையை மடித்துக்கொண்டு நிற்பேன். அவர் குட்டைக் கரையில் நிற்பார். சகாயமேரி வீட்டுக் கல்யாணம், புது மேனேஜரின் மாமியார், எல்லாம் பேசுவோம். ஓசூரில் தூறல் போடுகிற நாளிலும் போன் வரும்.

"இங்க மூடிக்கிச்சு சார். அங்க அடிக்குதா?"

"அடிக்குது."

"அப்ப நீங்க நில்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போன மாதம் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டதாம். இந்தச் சேலத்து வெயிலில் இனி மெனக்கெட்டு நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் இன்னும் ஃபிரிட்ஜண்ணாவிடம் சொல்லவில்லை.