பாட்டுக்காகத்தான் சொல்கிறேன்

தனக்காகக் கேட்கிறவர்களை இந்த உலகம் எப்படியோ சமாளித்துவிடும். பெரிய துண்டு கேக் எனக்குத்தான் என்று அடம்பிடிக்கிறவனிடம் அதைக் கொடுத்துவிட்டால் வாய் அடைபடும், வேலை முடிந்தது. ஆனால் தனக்கென்று எதுவுமே கேட்காத ஓர் இனம் உண்டு. வீட்டுக்காகக் கேட்பார், சங்கத்துக்காகக் கேட்பார், வருங்காலச் சந்ததிக்காகக் கேட்பார்; கேட்டதெல்லாம் எப்படியோ சுற்றி வளைத்து அவர் மடியிலேயே வந்து விழும். விழுந்ததைப் பார்த்து அவரே ஆச்சரியப்படுவார். உங்களுக்கும் இரண்டு பேரைத் தெரிந்திருக்கும்.

ஊருக்கு ஒருவர் என்று இருந்தால் பரவாயில்லை. ஒரே அறையில் நான்கு பேர் இருந்தால்? அறுபத்தெட்டாம் வருஷம், லண்டனில் ஒரு பாட்டு ஸ்டூடியோவில் இருந்தார்கள்.

‘தி சாஸர்ஸ்’ என்பது குழுவின் பெயர். டெஸ்மண்ட் பாடுவான், ரோலண்ட் கிட்டார், கிளைவ் பேஸ் கிட்டார், நெவில் டிரம்ஸ். நால்வரும் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடி ஊரில் ஒரே வகுப்பில் ஒரே வாத்தியாரிடம் பிரம்படி பட்டவர்கள். முதல் இரண்டு இசைத்தட்டுகளும் தண்ணீரில் போட்ட கல். மூன்றாவது வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது. ரத்தானால் நெவில் ஊருக்குப் போய் மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அப்பா அவனுக்காக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்கூட வாங்கி வைத்திருந்தார்.

பாட்டு என்னவோ எளிய பாட்டு. மழையில் பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனைப் பற்றி இரண்டரை நிமிஷம். திங்கட்கிழமை நெவில் டிரம்ஸ் அடித்து முடித்தான். டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் அவன் அங்கேயே கிடந்து, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டு, தனக்குத் தானே சீட்டாடினான். மற்ற மூவரும் முறை வைத்ததுபோல் ஆளுக்கொரு நேரம் வந்தார்கள். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வருவதில்லை. நாகரிகம்.

காலையில் ரோலண்ட். “பாட்டு வெறும் எலும்பா நிக்குதுடா நெவில். எட்டு வயலின் வேணும்.”

“பஸ்ஸ விட்டவனுக்கு எதுக்குடா எட்டு வயலின்?”

“எனக்காகவா கேக்கறேன்? பாட்டுக்காகத்தான் சொல்றேன்.”

வயலின்கள் வந்தன. மத்தியானம் டெஸ்மண்ட் வந்து கேட்டுவிட்டு, புளித்த பாலைக் குடித்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டான். “யாருடா இது, ஹோட்டல் டீ பார்ட்டில வாசிக்கற மாதிரி?” அவனுக்கு வாத்தியமே ஆகாது என்று ஆகி மூன்று வாரம். குரல் மட்டும் போதும். அதுவும் கழிப்பறைக்குள் நின்று பாடினால்தான் அதில் உண்மை ஒலிக்குமாம். மைக் கழிப்பறைக்குப் போயிற்று. ஸ்டூடியோவில் இருந்த மற்ற மனிதர்கள் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டார்கள். தனக்காகவா கேட்டான்? பாட்டுக்காக.

சாயங்காலம் கிளைவ், கெண்ட்டில் இருக்கும் தன் அத்தை வீட்டுக் குளத்து வாத்துகளை ஒலிநாடாவில் பதிந்து எடுத்துக்கொண்டு வந்தான்.

“பஸ் ஸ்டாப்ல வாத்து எங்கடா வந்துச்சு?” என்றான் நெவில்.

“மழை பெய்யுதுல்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நெவில் இன்னொரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தான்.

ஒலிப்பதிவாளர் ஹாக்கெட் கழுத்துப்பட்டியும் பழுப்புக் கோட்டும் போட்டு, இருபது வருஷம் தேவாலயப் பாடகர்களைப் பதிவு செய்தவர். அவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். “தம்பிங்களா, இந்த நாடாவில தடம் நாலுதான். புதுசா ஒரு சத்தம் உள்ள வரணும்னா பழசு ரெண்டு ஒரே கட்டில்ல படுக்கணும். படுத்துட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது.” டிரம்ஸும் பேஸும் ஒரு கட்டிலில் படுத்தன. பிறகு கிட்டார் ஏறியது. பிறகு வயலின்கள். வாத்துகளும் ஏறியபோது, நெவிலின் டிரம்ஸ் மூன்று வீடு தள்ளி யாரோ கம்பளத்தைத் தட்டுவதுபோல் கேட்டது. வாத்துகள் தெளிவாகக் கேட்டன.

வெள்ளிக்கிழமை காலை நெவில் அந்த வாரத்தின் ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தான். மூவருக்கும் தனித்தனியே போன் போட்டு, “உன்னோட பாகம் அழிஞ்சுபோச்சுடா” என்றான். குழு உடைகிறது என்று சொல்லியிருந்தால் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். இதற்கு அரை மணியில் வந்தார்கள். ரோலண்ட் தலை வாரவில்லை, கிளைவ் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தான்.

“ஒண்ணும் அழியல” என்றான் நெவில். “ஒரே ஒரு தடவ, நாலு பேரும் ஒரே ரூம்ல, ஒண்ணா வாசிப்போம். ஊர் டான்ஸ் ஹால்ல வாசிச்சோமே, அப்படி.”

“பொய் சொல்லியா கூப்பிட்ட, நாயே?” என்றான் டெஸ்மண்ட். ஆனால் சிரித்துவிட்டான். சிரித்ததால் பாடவும் வேண்டியதாயிற்று.

ஹாக்கெட்டிடம் மிச்சம் இருந்தது ஒரே நாடா, அதுவும் மூன்று நிமிஷ நீளம். மற்றதையெல்லாம் வயலினும் வாத்தும் தின்றிருந்தன. நால்வரும் வாசித்தார்கள். நான் மிகைப்படுத்தவில்லை: அந்த இரண்டரை நிமிஷமும் மழை பெய்தது. பஸ் போயிற்று. நனைந்தபடி ஒருவன் நின்றான். முடிந்ததும் ஹாக்கெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி பதினொன்று இருபது.

“இதையே வச்சுக்கலாம்ல?” என்றார் அவர்.

“வேற என்ன?” என்றான் ரோலண்ட். கிளைவ் தலையாட்டினான். டெஸ்மண்ட் நெவிலின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். எல்லோரும் காப்பாற்றப்பட்டுவிட்டார்கள், பாருங்கள்.

நெவில் மட்டும் முகவாயைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“ரெண்டாவது சரணத்துல நான் ஒரு மயிரிழை லேட்டா வந்தேன்.”

“யாருக்குடா தெரியும்?” என்றான் டெஸ்மண்ட்.

“எனக்குத் தெரியுதே.”

“விடுடா மாப்ளே, நல்லாருக்கு.”

“எனக்காகவா சொல்றேன்?” என்றான் நெவில். “பாட்டுக்காகத்தான் சொல்றேன்.”

அந்த வாக்கியத்தை மறுக்க அந்த அறையில் யாருக்கு யோக்கியதை இருந்தது? மூவரும் வாரம் முழுக்க அதைச் சொல்லித்தானே வாழ்ந்தார்கள்?

“இன்னொரு தடவன்னா இது மேலேயேதான் பதியணும். இது போயிடும். யோசிச்சுக்கங்க தம்பி” என்றார் ஹாக்கெட்.

நெவில் யோசித்தான். யோசிக்கிற பாவனையில் குச்சியைச் சுழற்றினான். “பதியுங்க சார்.”

இம்முறை அவன் மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆனால் இன்னொரு தடவை என்றதும் ரோலண்ட், சும்மா எதற்கு என்று கிட்டாரில் இரண்டு புதுச் சங்கதி சேர்த்தான். டெஸ்மண்ட் சரணத்துக்கு முன் உண்மைக்காக எட்டு நொடி மௌனம் காத்தான். கிளைவ் அந்த மௌனத்தைப் பாட்டு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கிட்டாரைக் கழற்றி வைத்தான். யாரால் கெட்டது என்று பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்வரை கத்தினார்கள். பிறகு வாத்து நாடாவை உறையில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

இசைத்தட்டு வெளிவந்தது. ஒரே ஒரு பத்திரிகை ஒரே ஒரு வரி எழுதியது, வாத்துகளுக்கு எதிர்காலம் உண்டு என்று. அதற்குள் சாஸர்கள் நான்கு திசையில் உருண்டுவிட்டிருந்தார்கள்.

கிரிம்ஸ்பி ஐஸ் ஃபாக்டரியில் சாப்பாட்டு நேரத்தில் நெவில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறான். வயலினையும் கழிப்பறையையும் வாத்தையும் அவன் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரும்போது மட்டும் கதை கொஞ்சம் வேகமெடுக்கிறது. “அவனுங்க மூணு பேரும் அவனவன் வழில போயிட்டானுங்க. ஒத்துமைக்காக நின்னது நான் ஒருத்தன்தான்” என்று முடிக்கிறான். பொய் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்புகிறான். இந்த இனத்தின் அடையாளமே அதுதான்.

நீங்கள் நல்லவர், நெவிலைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து யாரிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று ஒரு பெயரும் மனதில் வந்துவிட்டது, இல்லையா? உங்களுக்காக அல்ல, அவர் திருந்தட்டும் என்றுதான். எதற்கும் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். அவர் கையிலும் இந்த நேரம் ஒரு கத்தரிக்கோல் இருக்கலாம்.